என் மகளின் கதவை உடைத்த சனிக்கிழமை

கைபேசி சூடேறிவிட்டது. காதில் வைத்து வைத்து அந்தப் பக்கக் கன்னம் வியர்த்திருந்தது. முப்பதுக்குப் பிறகு எத்தனை தடவை மகளுக்கு அழைப்பு எடுத்தேன் என்று எண்ணுவதை விட்டிருந்தேன். குசினியில் கேத்தல் தண்ணீர் வற்றி அடி பிடிக்கும் மணம் வந்தது. எழுந்து போய் அணைக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல், இரண்டு மணி இருக்கும். பசறை பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கியது. இங்கிலாந்தில் அப்போது காலை.

என் ஒரே மகள் தர்ஷினி அங்கே வடக்குப் பக்கமுள்ள ஒரு நகரத்தில் இருக்கிறாள். அந்த ஊர் யூத சமூகத்தார் நடத்தும் அறநிலையத்தின் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் வட்ஸ்அப்பில் ஒரு சொல் அனுப்புவாள்: ‘வந்துட்டேன்.’ வெள்ளிக்கிழமைக்கான அந்தச் சொல் வரவே இல்லை.

சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தேன். இல்லத்து அறிவிப்புப் பலகையை அவள் எப்போதோ படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதிலிருந்த அவசர இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். இலக்கத்தின் கீழே ஒரு வரி. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை அவர்களுடைய ஓய்வு நாள், அந்த நேரத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே இந்த இலக்கத்தை அழைக்கவும் என்று. அந்த வரியையும் நான்தான் என் கையால் எழுதியிருந்தேன்.

அழைத்தேன். மூன்றாவது மணியில் ஒரு வயதானவரின் குரல். மூச்சு வாங்கியது.

“யாருடைய உயிருக்கு?” என்று கேட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“என் மகளுடைய உயிருக்கு” என்றேன்.

ஒரு வாசகிக்குப் பதில்

மண்சரிவைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இதே பக்கங்களில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: “மழை பெய்தால் இன்னும் பயப்படுகிறீர்களா, சேர்?”

அந்த அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன பெருமழையில் ஒரு பிற்பகல் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவு இறங்கியது. மேல் லயத்தில் தொழிலாளர் வீடுகளின் ஒரு வரிசை போய்விட்டது. பாதை இரண்டு பக்கமும் அறுந்தது. நான்கு நாள் மின்சாரமோ தொலைபேசியோ இல்லை. நான் படிப்பிக்கும் பாடசாலையில்தான் எல்லோரும் தங்கினோம். வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நான்தான் எழுதினேன்.

வாசகிக்கு என் பதில் இதுதான். மழைக்குப் பயமில்லை. தொலைபேசி மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால்தான் பயம். அந்த மணிச் சத்தத்துக்குப் பின்னால் எனக்கு மண் தெரியும். சிவப்பாக, ஈரமாக, அசையாமல்.

மனைவி இறந்து ஏழெட்டு வருடமாகிறது. வீட்டில் பேச ஆளில்லை. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து தடவை மகளுக்கு அழைப்பு எடுப்பேன், சில நாள் பத்து. அவள் திட்டியதில்லை. குரல் மட்டும் வரவரச் சிறுத்துக்கொண்டு போனது. அதை நான் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த அத்தியாயத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அங்குள்ளவர்களின் பெயர்களையும் அவள் சொன்னபடி மாற்றியிருக்கிறேன்.

சிவப்புக் கரண்டி, நீலக் கரண்டி

அவள் முதலில் போனது வேறொரு கம்பனிக்கு. கூட்டிக்கொண்டு போனவர்கள் வேலை தரவில்லை. ஓர் அறையில் ஆறு பெண்கள், பாணும் தேத்தண்ணியும். அப்போது யாரோ சொல்லித்தான் இந்த அறநிலையத்தின் வாசலில் போய் நின்றிருக்கிறாள். என்ன மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். அம்மாவின் கடைசி ஆறு மாதம் அவள் செய்தது அதுதான். தெரியும் என்றாள்.

“இவங்க நம்ம கோயில் கமிட்டி மாதிரிதாம்பா. ஆனா திருவிழா மட்டும் வைக்கிற கமிட்டி இல்ல” என்று ஆரம்பத்தில் சொன்னாள்.

வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். வைத்தியசாலைக்குக் காரில் கூட்டிப் போய், முடியும்வரை கூட இருப்பார்களாம். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு வீடு. பேச ஆளில்லாதவர்களுக்கு வாரம் ஒரு தடவை தொலைபேசியில் பேசுவதற்கென்றே தொண்டர்கள். அந்த ஊரில் ஒரு காலத்தில் தையல் பட்டறைகளில் வேலை செய்த யூதக் குடும்பங்கள் நிறைய இருந்தனவாம். பிள்ளைகள் படித்துப் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வயதானவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள்.

அதைக் கேட்டபோது எங்கள் கீழ் லயத்தை நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். பகலில் அந்த வரிசையில் கதவு திறந்திருக்கும் காம்பரா அறைகளில் இருமல் சத்தம்தான் கேட்கும்.

இல்லத்துச் சமையலறையில் இறைச்சிக்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு பக்கம்; இரண்டும் சேரக்கூடாது என்பது அவர்கள் மத விதி. பாத்திரம், கழுவும் தொட்டி எல்லாம் வேறுவேறு. இறைச்சிக்குச் சிவப்புப் பிடி, பாலுக்கு நீலப் பிடி. இரண்டாவது நாளே தர்ஷினி தன் பால் தேத்தண்ணியைச் சிவப்புக் கரண்டியால் கலக்கிவிட்டாள். சமையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு, “குடி. கலக்கியது கலக்கியதுதான். கரண்டியை மட்டும் என்னிடம் கொடு” என்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஓய்வு நாளைப் பற்றியும் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மின்தூக்கியின் பொத்தானைக்கூட அழுத்த மாட்டார்கள், அது தானாகவே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். முதியவர்கள் மனம் நோகக்கூடாது என்று வேலை செய்பவர்களும் கைபேசியை அலுமாரியில் பூட்டிவிடுவார்கள். எல்லாம் சொல்லியிருந்தாள். ஒரே கணக்கை வகுப்பில் மூன்று தடவை விளக்குகிற நான், இதை ஒரு தடவைகூடக் காதில் வாங்கவில்லை.

கதவு

தொலைபேசியை எடுத்தவரை இங்கே சைமன் என்று சொல்கிறேன். எண்பதைத் தாண்டியவர், தொண்டர். அன்று அவசர இலக்கம் அவர் பொறுப்பில் இருந்தது.

நான் சொன்னதும் அவர் முதலில் இல்லத்துக்கு எடுத்திருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் வேலை நேரப் பட்டியலைப் பார்த்து, தர்ஷினி இன்று வேலையில் இல்லை என்றாள். உண்மையில் வெள்ளிக்கிழமை மாலை தர்ஷினியோடு வேலை செய்யும் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அவளுக்குப் பதிலாக இரவும் நின்று, காலை வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாள் என் மகள். அதை யாரும் பட்டியலில் எழுதவில்லை.

வேலையிலும் இல்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை, தகப்பன் உயிருக்கு ஆபத்து என்கிறான். சைமன் பொலிஸுக்கு எடுத்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவருடைய காரில் ஏறினார். ஓய்வு நாளில் அவர் வாகனத்தில் ஏறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாம். பிள்ளையைக் கண்டெடுக்கும்போது பக்கத்தில் பொலிஸ் மட்டும் நிற்கக்கூடாது என்று நினைத்தாராம்.

பொலிஸ் அவள் அறைக் கதவை உடைத்தது. உள்ளே மடித்த போர்வை, ஒரு சோற்றுக் குக்கர், சுவரில் என் மனைவியின் படம். வேறு யாருமில்லை.

அந்த நேரத்தில் என் மகள் ஹெட்டி என்ற மறதி நோயுள்ள அம்மாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சைமன் அங்கிருந்து இல்லத்துக்கே போய்த் தேடியபோதுதான் அது தெரிந்தது.

“கிடைத்துவிட்டாள். நலமாக இருக்கிறாள்” என்று சைமன் எனக்குச் சொன்னபோது நான் அழுதேன். நன்றி சொன்னேன். கதவைப் பற்றி அவர் சொன்னார்தான். எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் தர்ஷினியிடமிருந்து ஒரே ஒரு செய்தி. “நான் நல்லா இருக்கேன். வீட்டுக்காரன் ரூமை விடச் சொல்லிட்டான். மேனேஜர் விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க. வேலை போனா விசாவும் போகும். நீங்க இனி எடுக்காதீங்க. நானே எடுப்பேன்.”

தபாலதிபரின் யோசனைகள்

அவள் எடுக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பாடசாலை விட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து, மேசை மேல் கைபேசியை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி தொடங்கும்போதுதான் விளக்குப் போடவில்லை என்பது நினைவு வரும்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் குலசிங்கம், யாழ்ப்பாணத்தவர். பதுளைக்குத் தபாலதிபராக வந்து, ஓய்வு பெற்றும் இங்கேயே தங்கிவிட்டவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்.

“என்ன மாஸ்டர், இன்னும் ரெலிபோனுக்குக் காவலோ?”

“சும்மா இருக்கேன் ஐயா.”

“உமக்கு விசரே? பெட்டை குளிர் நாட்டில தனியா நிண்டு உழைக்குது. நீர் இங்க இருந்துகொண்டு பொலிஸ அனுப்புறீர். என்ர மேள் கனடாவில. மாசத்தில ஒருக்காத்தான் எடுப்பாள். நான் எந்தப் பொலிஸுக்குச் சொன்னனான்?”

“உங்களுக்குக் கவலையே இல்லையா?”

“ஏன் இல்லை? இருக்கு. அதை மற்றாக்களின்ர தலையில கட்டிறேல்லை.” வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஒரு கடிதம் எழுதும். கடிதம் மணி அடியாது.”

எழுதினேன். நான்கு பக்கம். வாசித்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் என்னுடைய பயத்தைப் பற்றியே இருந்தது. அனுப்பவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை வெளிநாட்டு இலக்கம் ஒன்று திரையில் வந்தது. பாய்ந்து எடுத்தேன். சைமன்.

அவருடைய ஓய்வு நாள் விரதத்தை முறித்துவிட்டேன் என்ற குற்றம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவன் நான், ஒரு விரதத்தின் அருமை தெரியும். இவருடையதோ எண்பது வருட விரதம். தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “உயிர் ஆபத்தா இல்லையா என்று சந்தேகம் இருந்தாலும் போக வேண்டும் என்பது எங்கள் சட்டம். நின்று யோசித்திருந்தால்தான் எனக்குப் பாவம். தவிர, அந்தக் காரில் இருக்கையைச் சூடாக்கும் வசதி இருந்தது. என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.”

“அப்படியானால் என் மகளிடம் எனக்காக...”

“முடியாது.” குரல் மாறிவிட்டது. “எனக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் செய்திருக்கிறீர்கள். அவளிடம் நீங்களே கேட்க வேண்டும், நான் கேட்டால் அது செல்லாது. எடுக்க வேண்டாம் என்றாளா? எடுக்காதீர்கள். அவள் எடுக்கும்போது கேளுங்கள்.”

பிறகு, “வியாழக்கிழமைகளில் நான் ஐந்து பேருக்குப் பேசுவேன். உங்களையும் சேர்த்து ஆறு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தனியாகக் கிடப்பவர்களுக்கு அவர்கள் செய்யும் தொண்டு அது என்று எனக்குத் தெரியும். “எனக்கு அது தேவையில்லை. நான் தனியாக இல்லை. பாடசாலை இருக்கிறது, ஊர் இருக்கிறது” என்றேன்.

“முதல் வாரம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்” என்றார். “இன்று என்ன சாப்பிட்டீர்கள்?”

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. “ரொட்டி” என்றேன். நான் வைத்துவிடவில்லை. அவரும் வைத்துவிடவில்லை. அந்தப் பக்கம் ஒரு கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் எடுத்தாள்

அது ஒரு ஞாயிறு. கொடியில் சட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கை ஈரம், பொத்தானை அழுத்தினால் திரை கேட்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“வேலை போகல.”

அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சைமன் கமிட்டிக்குப் போய், பொலிஸைக் கூப்பிட்டது தன் முடிவு, பிள்ளைக்கு அதில் பங்கில்லை என்று சொன்னாராம். வேலை நேரத்தை மாற்றினால் உடனே எழுத வேண்டும் என்று இவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். ஹெட்டியின் மகள் தன் வீட்டு மாடியறையைத் தந்திருக்கிறாளாம்.

மூன்று வாரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “கதவ ஒடைக்க வச்சது நான்தாம்மா. மன்னிச்சிரு.”

 “கதவு இல்லப்பா” என்றாள்.

“வேற என்னம்மா?”

“அன்னிக்கு மண் சரிஞ்சப்ப நாலு நாள். நான் உங்களுக்கு எத்தன தடவ எடுத்திருப்பேன் தெரியுமா? எனக்கு ஒரு அவசர நம்பர் இருந்திச்சா? பசறை ரோட்டுல யார எழுப்பி, யார கார்ல அனுப்பி, எந்தக் கதவ ஒடைக்கச் சொல்ல?” குரல் உயரவில்லை. “அஞ்சாம் நாள் எடுத்தீங்க. லிஸ்ட் எழுதினது, பிள்ளைங்களுக்குப் பாய் தேடினது, ஒரு மணி நேரம் சொன்னீங்க. நான் எப்படி இருந்தேன்னு கேட்டீங்களா? இன்னிக்கு வரைக்கும் கேக்கல.”

கேட்கவில்லைதான். மண்சரிவு எனக்கு நடந்தது என்றே நினைத்திருந்தேன். இந்தத் தொடரிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

“எப்படிம்மா இருந்த?” என்றேன்.

முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். அந்த நான்கு நாளும் வேலை செய்ய விடாமல் அவளை முதியவர்களின் கூடத்தில் உட்கார வைத்தார்களாம். ஒருவர் மாற்றி ஒருவர், சக்கர நாற்காலியிலும் கைத்தடியிலுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சமையற்காரர் அவளுக்காகச் சோறு வடித்தார், குழைந்துவிட்டதாம்.

“மூணாம் நாள் ஹெட்டி வந்தாப்பா. கையில ஒரு சின்ன கண்ணாடி கிளாஸ், அதுக்குள்ள மெழுகு. அவங்க வழக்கம் அது. அம்மா அப்பா செத்த நாளுக்குப் பத்த வைப்பாங்க. ஒரு முழு நாள் எரியும். அத என் மடியில வச்சிட்டு, ‘உன் அப்பாவுக்கு’ன்னு சொல்றா.”

“ஐயையோ.”

“நர்ஸ் ஓடி வந்து புடுங்கப் பாத்தா. ஹெட்டி விடல. அவளுக்கு நீங்க செத்துட்டீங்கன்னு முடிவாகிருச்சு. மறுநாளே மறந்துட்டா.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொடியில் மிச்சச் சட்டைகள் பாதி போட்டபடி தொங்கின.

“பத்த வச்சியாம்மா?”

“இல்ல. பத்த வச்சா நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிரும்ல. கட்டிலுக்குக் கீழ பெட்டியில போட்டேன்.”

“இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“எதுக்கும்மா அது? தூக்கிப் போட்டுரு.”

“ஏம்ப்பா? இருக்கட்டும். என்னிக்காவது ஒரு நாள் வேணும்ல.”

நாளைக்குச் சமைக்கப் பருப்பு இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். எனக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியது. அப்படிப் பேசாதே என்று அதட்டலாம். எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். அதையெல்லாம்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“வேணும்தான்” என்றேன். “ஈரம் படாம வச்சுக்கோம்மா. திரி நனைஞ்சா பத்திக்காது.”